போர்தோ சிவப்பு ஒயினைச் சுவைத்து அறிவது எப்படி?

பிரெஞ்சு சிவப்பு ஒயின் என்றதுமே, கோப்பையைச் சுழற்றி முகர்ந்துவிட்டு "புகையிலை, காட்டுப் பழம், ஈர மண்" என்று வாசனைகளை அடுக்கிக்கொண்டே போகும் நிபுணர்தான் பலருடைய மனக்கண்ணில் வந்து நிற்கிறார். அந்தப் பட்டியலைக் கேட்டு, நமக்கு அவ்வளவு கூர்மையான மூக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. என் மதிப்பீட்டில் அந்தப் பட்டியல் சுவைத்தலில் மிகச் சிறிய பங்குதான். புளிப்பும் துவர்ப்பும் ஆல்கஹாலின் சூடும் பழத்தின் செறிவும் வாயில் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கின்றன, விழுங்கிய பின் அந்தச் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது, இரண்டு மணி நேரத்துக்குள் அது எப்படி மாறுகிறது என்பவற்றைக் கவனிக்கப் பழகினாலே ஒயினின் தரத்தை எவரும் உணர்ந்துகொள்ளலாம்.

எந்த பாட்டிலை வாங்குவது

பல நாட்டு ஒயின்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடித்துப் பார்ப்பதைவிட, ஒரே வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதில் பழகுவது நல்லது. பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள போர்தோவின் இடக்கரையை நான் பரிந்துரைப்பேன். கரோன், டோர்டோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக் கடலில் கலக்கின்றன. அந்தக் கழிமுகத்தின் இடக்கரையில் இருப்பது மெடோக் வட்டாரம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கிருந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிய பிறகே திராட்சைத் தோட்டங்கள் பெருகின. ஆறு கொண்டுவந்து குவித்த சரளை மேடுகள் மழைநீரைத் தேங்க விடாமல் வடித்துவிடுவதோடு, பகலில் வாங்கிய வெப்பத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவினியோன் திராட்சைக்கு இப்படிப்பட்ட நிலம்தான் வேண்டும். களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மிகுந்த வலக்கரையில், சேன் எமிலியோன், பொமரோல் ஆகிய ஊர்களில், மெர்லோ திராட்சையின் கை ஓங்கியிருக்கிறது. நல்ல கொடி ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் என்று மெடோக்கில் ஒரு பழைய பேச்சு உண்டு. கழிமுகத்தின் நீர்ப்பரப்பு உறைபனியின் கடுமையைத் தணிப்பதால் அது வெறும் பேச்சல்ல.

1855இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதன் பேரில், போர்தோவின் ஒயின் தரகர்கள் மெடோக் தோட்டங்களை ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினார்கள். அதற்கு அவர்கள் கையில் இருந்த அளவுகோல் அந்தந்த ஒயின் பல்லாண்டுகளாகப் பெற்றுவந்த விலை. 1973இல் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு உயர்த்தப்பட்டதைத் தவிர, அந்த வரிசை ஏறக்குறைய அப்படியே நீடிக்கிறது. முதல் படியில் இருக்கும் ஐந்து தோட்டங்களின் ஒயின்கள் இன்று பழகுபவர் வாங்கும் விலையில் இல்லை. வாங்கினாலும் விலையின் பாரம் நாக்கைச் சுதந்திரமாக இருக்க விடாது.

சேன் ஜூலியேன் என்ற சிற்றூரிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே முதல் படித் தோட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனால் வரிசையில் இடம்பெற்ற 11 தோட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் ஐந்து இரண்டாம் படியைச் சேர்ந்தவை. அந்த ஐந்தில் ஒன்றான ஷாத்தோ லெயோவில் பார்ட்டன் இந்த வழிகாட்டிக்கு ஏற்ற ஒயின். அயர்லாந்து வழிவந்த ஹியூ பார்ட்டன் 1821இல் லாங்கோவா தோட்டத்தையும் 1826இல் லெயோவில் தோட்டத்தின் ஒரு பகுதியையும் வாங்கினார். இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இரண்டும் உள்ளன. லெயோவில் பார்ட்டன் ஒயினில் பெரும்பகுதி காபர்னே சோவினியோன். எஞ்சியதில் மெர்லோ அதிகம். கட்டுறுதியான, பகட்டில்லாத ஒயின் என்று பெயரெடுத்தது. இதுவும் கைக்கு எட்டாது என்றால், ஓ மெடோக் பகுதியில் 'க்ரூ பூர்ஷுவா' என்ற முத்திரையோடு வரும் ஒயின்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கீழே சொல்லப்படுபவை அதற்கும் பொருந்தும்.

விளைச்சல் ஆண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2013 குளிரும் மழையும் கெடுத்த ஆண்டு. 2010இன் ஒயின்களில் துவர்ப்பும் புளிப்பும் ஓங்கியிருப்பதால் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். 2014இல் கோடை மந்தமாகப் போனாலும் செப்டம்பர், அக்டோபர் மாத வெயில் கைகொடுத்தது. இப்போது திறப்பதற்கு அந்த ஆண்டு தோதானது. லேபிளில் காணும் 'கிரான் வான் த போர்தோ' என்ற பெரிய எழுத்துகளுக்கு மயங்க வேண்டாம், அந்தச் சொற்கள் மட்டுமே எந்தப் படிநிலையையும் குறிப்பதில்லை. ஊரின் பெயர், விளைச்சல் ஆண்டு, ஷாத்தோவிலேயே, அதாவது அந்தத் தோட்டத்திலேயே, பாட்டிலில் அடைக்கப்பட்டது என்னும் வாசகம் ஆகிய மூன்றும்தான் பார்க்க வேண்டியவை.

வெப்ப நாடுகளில் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வெயிலில் கிடந்த பாட்டிலில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளியிருக்கும். மூடியுறையின் ஓரத்தில் பிசுபிசுப்பான கசிவுத் தடம் தெரியும். அப்படிப்பட்டதை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திறப்பதற்கு முன்

பாட்டிலை ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் வண்டல் அடியில் தங்கிவிடும். இந்த வண்டல் கலப்படமன்று. காலப்போக்கில் துவர்ப்புப் பொருள்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து கனத்துப் படிந்ததுதான்.

வெப்பநிலையில்தான் பெரும்பாலான நல்ல ஒயின்கள் வீணாகின்றன. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற விதி, பழைய பிரெஞ்சு வீடுகளின் கல்லால் கட்டிய குளிர்ந்த அறைகளை வைத்து எழுந்தது. அங்கே அறை வெப்பநிலை என்றால் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதே விதியைக் கடைப்பிடித்து 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹாலின் நெடி மூக்கைத் துளைக்கும், பழச்சுவை காய்ச்சிய ஜாம் போலத் தோன்றும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, 16 டிகிரி அளவில் ஊற்றுவது சரியாக இருக்கும். கோப்பையில் அது தானாகவே ஓரிரு டிகிரி ஏறிவிடும். அதற்காக ஒரேயடியாகக் குளிர வைத்துவிடவும் கூடாது, ஏனெனில் 10 டிகிரியில் வாசனை அடங்கிப்போய்த் துவர்ப்பு மட்டும் கடுமையாகத் துருத்தி நிற்கும்.

தண்டுள்ள கோப்பை வேண்டும்; அடிப்பகுதி அகன்று வாய்ப்பகுதி குறுகி, டியூலிப் மலர் வடிவில் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த கோப்பையில் மரத்தின் வாடையோ சோப்பின் வாடையோ ஒட்டியிருக்கும். வெறும் நீரில் கழுவி, முகர்ந்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

மூடியுறையைப் பாட்டிலின் உதட்டுக்குக் கீழே வெட்டி, தக்கையை மெதுவாக இழுத்தெடுத்ததும் முதலில் ஒரு வாய் அளவு மட்டும் ஊற்றிப் பாருங்கள். நனைந்து மக்கிய அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் அது தக்கை வழியாக வரும் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருளின் வேலை. லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே பழவாசனையைக் கொன்றுவிடும். எவ்வளவு நேரம் காற்றாட வைத்தாலும் அது போகாது, பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி. நகப்பூச்சு அல்லது வினிகரின் காட்டம் தூக்கலாக இருந்தாலும் குறைபாடுதான்.

குறை எதுவும் இல்லையென்றால், பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் ஒன்றை வைத்துக்கொண்டு, வண்டல் கழுத்தை எட்டும் வரை டிகான்டர் என்னும் கண்ணாடிக் குடுவையில் நிதானமாக ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு வயதுள்ள சேன் ஜூலியேனுக்கு ஒரு மணி நேரக் காற்று போதும். முப்பது, நாற்பது ஆண்டு பழைய ஒயினாக இருந்தால் வண்டலைப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டு உடனே பரிமாறிவிட வேண்டும்; அதன் மென்மையான வாசனை காற்றில் கரைந்துவிடும்.

கண்ணும் மூக்கும்

வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து விளிம்பு வரை நிறம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இளம் ஒயினின் விளிம்பு ஊதா. வயது ஏற ஏற அது மாணிக்கச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வரும். கோப்பையின் உட்சுவரில் வழியும் 'கண்ணீர்த் துளிகள்' தரத்தின் அடையாளம் என்று சொல்லப்படுவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆல்கஹால் நீரைவிட விரைவாக ஆவியாவதால் ஏற்படும் பரப்பு இழுவிசை வேறுபாட்டின் விளைவு அது. இதை ஜேம்ஸ் தாம்சன் விளக்கியது, தரகர்கள் வரிசை போட்ட அதே 1855இல்தான்.

முகர்வதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் கோப்பையை அசைக்காமலே முகர வேண்டும், அப்போது எளிதில் பறக்கும் மெல்லிய வாசனைகள் கிடைக்கும். அடுத்து, கோப்பையின் அடியை மேசையிலேயே வைத்து இரண்டு மூன்று முறை சுழற்றிவிட்டு, மூக்கை உள்ளே விட்டு, நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக முகருங்கள். மூக்கு ஒரே வாசனைக்கு மிக விரைவில் பழகிவிடும். ஒன்றும் தெரியவில்லை என்று தோன்றினால் அரை நிமிடம் விலகியிருந்துவிட்டுத் திரும்புங்கள்.

ஐரோப்பிய நூல்கள் காபர்னே சோவினியோனுக்குச் சொல்லும் முதல் வாசனை பிளாக்கரண்ட் பழம். அந்தப் பழத்தையே பார்த்திராதவர் அதைத் தேடி மூக்கைக் கசக்குவதில் பயனில்லை. கரிய பழம் ஒன்றின் வாசனை, அது புதிதாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, சமைத்தது போல இருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். நமக்கு நன்றாகத் தெரிந்தவையும் உள்ளே இருக்கின்றன. ஓக் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டும்போது உருவாகும் யூஜெனால்தான் கிராம்பின் மணத்துக்கும் காரணம். வனிலாவின் மணமும் அந்த மரத்திலிருந்தே வருகிறது. போர்தோவின் வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் கொள்ளளவு உடையது, அதில் ஒன்றரை ஆண்டளவுக்கு ஒயின் கிடக்கிறது. திராட்சை முழுதாகப் பழுக்காதபோது மெதாக்ஸிபைரஸின் மிகுந்து பச்சைக் குடைமிளகாய் வாடை வீசும். குடைமிளகாய்க்கு அந்த வாடையைத் தருவதும் அதே பொருள்தான். பென்சில் சீவலின் மணம் மெடோக் ஒயின்களுக்குப் பெயர்பெற்ற அடையாளம். குதிரைத் தொழுவ வாடை இலேசாக அடித்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் கைவரிசை. ஒரு துளி இருந்தால் அழகு என்று சொல்பவர்கள் போர்தோவிலேயே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாயில்

சுவைத்தலின் முக்கியமான வேலை இங்கேதான். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும், கன்னங்களின் உட்புறமும், ஈறுகளும் நனையும்படி பத்து வினாடி வைத்திருங்கள். உதடுகளைக் குவித்து, கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து, வாயில் இருக்கும் ஒயினூடே அதைச் செலுத்துங்கள். சத்தம் வரும், அதற்குக் கூச்சப்பட வேண்டாம். தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவிதான் நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி. இனிப்பு நாக்கின் நுனியில், கசப்பு அடியில் என்று பள்ளிப் பாடங்களில் வந்த நாக்கு வரைபடம் தவறானது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் உணரப்படும்.

முதல் வாயை மதிப்பிடக் கூடாது. அது வாயைத் தயார் செய்வதற்கு மட்டுமே. இரண்டாவது வாயிலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதலில் புளிப்பு. விழுங்கியபின் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? ஊறினால் ஒயினில் உயிர் இருக்கிறது என்று பொருள். புளிப்புக் குறைந்த ஒயின் முதல் கோப்பையில் மெத்தென்று இருந்தாலும் இரண்டாவதில் திகட்டிவிடும். அடுத்து ஆல்கஹால்: 13 சதவீதத்தை ஒட்டியிருக்கும் அது தொண்டையில் எரிச்சலாகத் தனித்துத் தெரிந்தால் சமநிலை குலைந்துவிட்டது, அல்லது ஒயின் சூடாகிவிட்டது.

துவர்ப்புக்குத்தான் இடக்கரை ஒயினில் அதிக நேரம் கொடுக்க வேண்டும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள் எச்சிலின் புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரள வைப்பதால் வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. ஆக, துவர்ப்பு என்பது நாக்கின் சுவையைவிடத் தொடுகையைச் சேர்ந்த உணர்வு. கொட்டைப்பாக்கை மென்றவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. விழுங்கிய பிறகு நாக்கின் நுனியால் மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் தடவிப் பாருங்கள். துவர்ப்பு எவ்வளவு என்பதைவிட அது எத்தகையது என்பதே கேள்வி. நன்கு பழுத்த திராட்சையின் டானின் வாய் முழுவதும் ஒரே சீராக, மிக மெல்லிய மாவைப் பூசியதுபோலப் படியும். பழுக்காததன் டானின் ஈறுகளை மட்டும் பிடித்துக்கொண்டு சொரசொரக்கும், பின்னால் ஒரு கசப்பையும் விட்டுச்செல்லும். பழகியவர்கள் நல்ல சேன் ஜூலியேனை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: அளவில் துவர்ப்பு நிறைய இருக்கும், ஆனால் உறுத்தாது.

இனி நீளம். விழுங்கிய கணத்திலிருந்து, அல்லது துப்பிய கணத்திலிருந்து, பழமும் மரமும் கலந்த அந்த வாசனை எத்தனை வினாடி நீடிக்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கென்றே 'கோதாலி' என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள்; ஒரு கோதாலி என்பது ஒரு வினாடி. வாசனை மறைந்த பிறகும் புளிப்பும் துவர்ப்பும் வாயில் இருக்கும், அவற்றைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. எளிய ஒயின் நாலைந்து வினாடியில் அறுந்துவிடும், சிறந்தது பத்தைத் தாண்டிப் போகும். விலையும் புகழும் ஏமாற்றலாம். நீளம் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை என்பது என் அனுபவம்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஒயின்களைச் சுவைக்கும்போது துப்பிவிடுவதே முறை. போர்தோவின் நிலவறைகளில் தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு வண்டி ஓட்ட வேண்டியவர்கள் ஒரு வாய்கூட விழுங்கக் கூடாது.

நேரம், உணவு, ஒப்பீடு

எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கோப்பையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை திரும்பி வந்து அதே வரிசையில் மறுபடியும் கவனித்து, நேரத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். ஊற்றியவுடன் மரத்தின் மணம் மட்டும் தூக்கலாக இருந்த ஒயினில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பழம் முன்னுக்கு வருவதும், முறுக்கிக்கொண்டிருந்த துவர்ப்பு தளர்வதும் நல்ல ஒயினின் இயல்பு. மட்டமானதோ முதல் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சோர்ந்துபோகும்.

கண்ணும் லேபிளும் நாக்கை எவ்வளவு ஆட்டிவைக்கின்றன என்பதற்குப் போர்தோவிலேயே ஒரு சான்று உண்டு. 2001இல் வெளியான ஆய்வொன்றில், வாசனையற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை ஒயினியல் பயிலும் 54 மாணவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். படித்தவர்களுக்கே இந்தக் கதி என்பதால், பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து, வேறொருவரை ஊற்றச் சொல்லிச் சுவைப்பது நல்ல பயிற்சி. அப்படிச் செய்யும்போது சேன் ஜூலியேனுக்குப் பக்கத்தில் அதே ஆண்டைச் சேர்ந்த சேன் எமிலியோன் ஒன்றையும் வையுங்கள். மெர்லோவின் மெத்தென்ற உருண்டையான வாய்ச்சுவைக்கும் காபர்னேயின் நிமிர்ந்த கட்டுக்கும் உள்ள வேறுபாடு பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட ஒரே மாலையில் விளங்கிவிடும்.

உணவு இல்லாமல் சுவைத்து முடித்த பிறகு, உணவோடும் பாருங்கள். பக்கத்து ஊரான பொயாக்கின் இளம் ஆட்டிறைச்சியும், திராட்சைக் கொடியின் சுள்ளிகளை எரித்து அந்தக் கனலில் வாட்டிய மாட்டிறைச்சியும் இந்த ஒயினுக்கு ஊர் வழக்கப்படி உற்ற துணை. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு மட்டுப்படும். மிளகாய்க் காரம் இதற்கு நேர் எதிர். ஆல்கஹாலின் சூட்டையும் துவர்ப்பையும் அது கூட்டிவிடும் என்பதால், மிளகாயைக் கூட்டி வைத்த ஆட்டுக்கறிக் குழம்போடு இதை வைப்பது இரண்டுக்கும் நட்டம். மிளகும் உப்பும் மட்டும் போட்டு நெய்யில் வறுத்த ஆட்டிறைச்சி நன்றாகவே சேரும். மீன் வேண்டாம், சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு அயனிகள் மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பிவிடும்.

மிஞ்சிய ஒயினைச் சிறிய பாட்டிலில் வாய்வரை நிரப்பித் தக்கையிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாளும் சுவைக்கலாம். பரிமாறுவதற்கு முன் வெளியே எடுத்து 16 டிகிரிக்கு வரவிட்டு, முதல் நாள் குறிப்புகளை எடுத்துப் பார்க்காமல் புதிதாக எழுதுங்கள். அதற்குப் பின் இரண்டையும் ஒப்பிடலாம். மறுநாள் சுவை கூடியிருந்தால் அந்த ஒயின் இன்னும் சில ஆண்டு நிலவறையில் கிடக்கத் தகுந்தது என்று கொள்ளலாம். அதே ஆண்டின் இன்னொரு பாட்டில் கையில் இருந்தால் அதை இப்போதைக்குத் திறக்காதீர்கள்.